அடுத்தவன் வேலைக்கு எத்தனை நாள்?

பழைய கட்டடங்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று அட்டவணை போடுவதுதான் அவருடைய உத்தியோகம். அதனால் எல்லோருக்கும் அவர் தேதி அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

தேதியால் அவருக்குத் தொல்லை இல்லை, மனிதர்களால்தான். யார் எத்தனை நாள் கேட்டாலும் மேனேஜர் பாதியாக வெட்டுவார். அது தெரிந்து ஆட்கள் இரண்டு மடங்காகக் கேட்பார்கள். அதுவும் மேனேஜருக்குத் தெரிந்துபோய், கால்வாசியாக வெட்ட ஆரம்பித்தார். நடுவில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தான் போடுவது கணக்கா, கட்டுக்கதையா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில், இரண்டு தளம் கொண்ட ஓர் அலுவலகத்தைப் பல் மருத்துவமனையாக மாற்றும் வேலை வந்தது. அதில் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் உறவுக்காரர்கள். எலக்ட்ரீஷியனின் தங்கையைத்தான் பிளம்பர் கட்டியிருந்தார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு இருவரும் தலையைச் சொறிந்தார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், ஒரு மாதம் என்றார்கள்.

அக்காவுக்கு ஒரு குறும்பு தோன்றியது. எலக்ட்ரீஷியனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வேலைய விடுங்க. உங்க மாப்பிள்ளை வேலைக்கு எவ்வளவு நாள் வேணும்?"

"அவனுக்கா? குழாயை மாட்டித் திருகற வேலைதானேக்கா. ஒரு வாரம் தாராளம். மிச்ச நாளெல்லாம் போனை நோண்டிட்டு இருப்பான்."

அடுத்து பிளம்பர்.

"மச்சானுக்கு எதுக்குக்கா ஒரு மாசம்? ஒயரை இழுத்து சுவிட்சைப் போட பத்து நாளே அதிகம். டீ குடிக்கறதைக் குறைச்சா அதுகூட வேணாம்."

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இருவர் சொன்னதிலும் பாதி பொறாமை என்று கணக்கிட்டு, மேலே சில நாள் சேர்த்து, மூன்று வாரம் என்று அட்டவணை போட்டார்.

ஆனால் வேலை நகரவில்லை. போய்ப் பார்த்தால், பிளம்பர் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வாளிமேல் பிளம்பர்.

"ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?"

"சும்மா இல்லக்கா. யோசிக்கறேன்."

இவ்வளவு யோசிக்கிற பிளம்பரை அக்கா அதுவரை பார்த்ததில்லை. அவர் மனைவிக்கே போன் போட்டார். மறுமுனையில் வெடித்துச் சிரித்தாள் அந்தப் பெண்.

"அய்யோ அக்கா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ட்ரில்லிங் மெஷின்தான்! இன்னொண்ணு வாங்குங்கன்னா, 'உன் புருஷன் வாங்கட்டும்'ங்கறாரு எங்க அண்ணன். 'உங்க அண்ணன் வாங்கட்டும்'ங்கறாரு இவரு. வெளிய சொன்னா மானம் போயிடுமாம்."

அக்காவின் முகத்தில் அசடு வழிந்தது. ஆளுக்கு எத்தனை நாள் என்று துருவித் துருவிக் கேட்டவர், ஆளுக்கு ஒரு மெஷின் இருக்கிறதா என்று கேட்கவே இல்லையே!

அன்றே ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்தார். போட்டுக்கொடுத்தது யார் என்று காட்டிக்கொள்ளாமல், "கம்பெனில ஒண்ணு சும்மா கெடந்துச்சு, யாருக்காவது வேணுமா?" என்றார். இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. ஒருவரை மேல்மாடிக்கும் ஒருவரைக் கீழ்த்தளத்துக்கும் அனுப்பி, பாதியில் இடம் மாற்றிவிட்டார். வாளிக்கு ஓய்வு கிடைத்தது. மூன்று வாரம் முடிவதற்குள் வேலை முடிந்தது.

மேனேஜர் குழாயைத் திறந்து பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். "பாத்தீங்களா? கறாரா இருந்தாத்தான் வேலை நடக்கும்" என்றார். அக்கா பணிவாகத் தலையாட்டினார்.

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த பிளம்பர் மெதுவாக அக்காவின் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, நீங்க பேசினத என் வீட்டுக்காரியே சொல்லிட்டா. இனிமே அவளுக்கு மட்டும் போன் போடாதீங்க. இப்ப எங்க வீட்டு ஒழுகற குழாய எப்ப மாத்துவேன்னு தேதி கேக்கறா."

"குடுத்தீங்களா?"

"எங்க? எவ்வளவு நேரம் ஆகும்னு அவ எங்கிட்டயா கேட்டா! அவ அண்ணன் சொல்லிட்டாரு, அரை மணி நேரம் போதும்னு."

அக்கா அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. வண்டிக்குள்ளிருந்த எலக்ட்ரீஷியன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.