ஆளுக்குப் பாதி

சித்தப்பா இறந்து பத்து நாட்களாக எங்கள் வீட்டில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே ஒரு போட்டோவை. அது என்னிடம் இருந்தது. என் சமூக அறிவியல் புத்தகத்தின் காக்கி அட்டைக்குள், அவரே செருகிக் கொடுத்தபடி இருந்தது.

"யாரு கேட்டாலும் காமிக்கக் கூடாது தாயி, சத்தியம் பண்ணு" என்று கை நீட்டியிருந்தார். நானும் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். எனக்குப் பத்து வயது. செத்தவருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினால் அவர் வந்து கேட்பார் என்பதில் சந்தேகமே இல்லாத வயது.

விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். சித்தப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மழையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர் மேல் லாரி மோதியது. சட்டைப்பையில் இருந்த கம்பெனி அட்டையில் முகம் கரைந்து வெறும் நீலமாகியிருந்தது. வாக்காளர் அட்டைக்குப் படமெடுக்க வந்த அன்றும் அவர் ஓவர்டைமில் இருந்தார். கல்யாண ஆல்பங்களில் பந்தி பரிமாறும் முதுகாக மட்டும் இருந்தார்.

"இத்தன வருசம் இருந்த மனுசன், ஒரு மூஞ்சியக்கூட விட்டுட்டுப் போகலியே" என்று அம்மா அழுதாள். பதினாறாம் நாள் மாலை போடப் படம் வேண்டும். கடைசியில் அப்பா என் புத்தகப் பையைக் கொட்டிப் பார்க்க வந்தார். பையின் மேல் உட்கார்ந்துகொண்டு, நானே தேடித் தருகிறேன் என்று கத்தினேன்.

அவர் நகர்ந்ததும் புத்தகத்தோடு பொதுக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. ஏரியும் மலையும் வரைந்த திரைக்கு முன்னால் சித்தப்பாவும் ஓர் அக்காவும். அவர் கை அந்த அக்காவின் தோளில். காட்டக் கூடாதது அந்த அக்காவைத்தான் என்று முடிவு செய்தேன். அம்மா பனியன் பிசிறு வெட்டும் கத்தரி என் கையில் இருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். மேலிருந்து கீழே வெட்டினேன்.

அப்பா, நான் நீட்டிய பாதிப் படத்தில் மணிக்கட்டோடு நின்றுபோயிருந்த அந்தக் கையையே பார்த்தார்.

"மிச்சம் எங்க?"

"இவ்வளவுதான் இருந்துச்சு."

அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னாராம்.

பதினாறாம் நாள் கம்பெனி வேனில் வந்தவர்களோடு அந்த அக்காவும் வந்தாள். மற்றவர்கள் உள்ளே போக, அவள் வாசலிலேயே நின்று மாலை போட்ட முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குழாயருகே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, சித்தப்பா உங்கிட்ட ஒரு போட்டோ குடுத்து வெச்சிருந்தாருங்களா?"

தலையாட்டினேன்.

"எனக்குக் குடுத்துர்றியா? எங்கிட்ட வேற படமே இல்லீங் கண்ணு."

ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவள், படத்தில் தன் தோளில் தங்கியிருந்த நான்கு விரல்களைக் கட்டைவிரலால் தடவினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"உங்க மூஞ்சி மேல படாமப் பாத்துத்தான் வெட்டினேங்க்கா."

"ஆமாங் கண்ணு. நல்லாத்தான் வெட்டியிருக்கறே."

வேன் ஹாரன் அடித்தது. படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமும் மீறவில்லை. எங்கள் ஆளின் படம் எங்களுக்கு, அவள் படம் அவளுக்கு. வேறு படமே இல்லை என்று அவள் சொன்னது யாருடைய படத்தை என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.