அத்தை சேந்த வேண்டிய தண்ணீர்

சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு இருந்ததாம். எனக்கு விவரம் தெரிந்தபோது எங்கள் கிணறு ஒன்றுதான் மிச்சம். மற்ற கிணறுகள் இருந்த இடத்திலெல்லாம் கார் நின்றது. அதுதான் போர் போட்டாயிற்றே, கிணறு என்ன கொசு வளர்க்கவா என்பது தெருவின் பேச்சு. எங்கள் கிணற்றைப் பற்றியும் அப்போது பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் ஈரம்கூடக் கிடையாது. என் ரப்பர் பந்தும் அறுந்த செருப்பொன்றும் கிடந்தன. விடிந்ததும் அப்பா போய்ப் போர் மோட்டாரைப் போடுவார். மோட்டாரின் இரும்புப் பெட்டி மேல் மங்கிப்போன குங்குமப் பொட்டு ஒன்று இருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் அப்பாவுக்குக் கார் ஆசை வந்தது. காரை நிறுத்த இடம் வேண்டும், இடமென்றால் கிணற்றடிதான். அம்மாவுக்கு அது ஆகவே இல்லை.

"மாடியில விழுற மழையெல்லாம் பைப் வழியா ரோட்டுக்குப் போய் சாக்கடையில கலக்குது. தெரு பூரா சிமெண்டு. ஏரிக்குள்ளயே பிளாட் போட்டு வித்தாச்சு. எடுக்கறதுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு ஓட்டை இருக்கு, உள்ள போறதுக்கு எங்க வழி? அந்தப் பைப்பைக் கிணத்துப் பக்கம் திருப்புங்க, ஊறட்டும்" என்பாள்.

"போர்ல தண்ணி வருதுல்ல?" என்பார் அப்பா. அதோடு முடிந்தது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மொட்டை மாடித் தண்ணிய வெச்சா கிணத்த ரொப்பப் போறே? அதுக்கு நீ உள்ள எறங்கி அழுதா சீக்கிரம் ரொம்பிடும்" என்றார். வாய் என்றால் அது வாய்!

அப்போது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். புரட்டாசியில் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் மாதம் குன்றத்தூரில் மாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு காலையில் கட்டட இடிசல் ஏற்றிய லாரி வாசலில் வந்து நின்றது.

"இன்னா சார், லோடு ஏத்திகினு வந்துட்டேன். எங்க கொட்டறது?" என்றார் டிரைவர்.

அப்பா கிணற்றைக் காட்டக் கையை நீட்டினார். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பச்ச உடம்புக்காரி இன்னும் கிணத்துல தண்ணி சேந்தல. அதுக்குள்ள மூடறதா?"

பிள்ளை பெற்றவள் கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, தன் கையால் ஒரு குடம் தண்ணீர் சேந்தி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். கிணறு போன வீடுகளில் அதைக் குழாயடியில் முடித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் கேன் தண்ணீருக்கே பொட்டு வைத்தார்கள்.

அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "அவங்க கேனுக்கு வெக்கல? நாம குழாய்க்கு வெச்சிட்டாப் போச்சு."

"அவங்க வீட்டுல கிணறு இல்ல. கிணத்த வெச்சிக்கிட்டுக் குழாயக் கும்பிட்டா ஊரே சிரிக்கும்."

வாசற்படியில் குழந்தையோடு நின்ற அத்தை, "ஆமாண்ணா, எங்க மாமியார் போன் பண்றப்பல்லாம் அதத்தான் கேக்கறாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஈரம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அப்பா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பேசி முடிச்சிட்டு கூப்டு சார். நடுரோட்ல நிக்க வெச்சா பேஜாரா கீது" என்று லாரி போய்விட்டது.

பிறகுதான் சிக்கல். சேந்துவதற்குக் கிணற்றில் தண்ணீர் வேண்டுமே!

"ஒரு லாரித் தண்ணி வாங்கி ஊத்திடலாமா?" என்றார் அப்பா.

"வாங்கி ஊத்தி அதையே சேந்தறதுக்குப் பேரு சடங்கா, டிராமாவா?" என்றாள் அம்மா.

ஆக, கிணற்றை மூட வேண்டுமானால் முதலில் அதில் தண்ணீர் வர வேண்டும். அப்பாவே பிளம்பரை அழைத்துவந்து மாடிப் பைப்பைக் கிணற்றுக்குத் திருப்பினார். நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டச் சொல்லி, அதில் கூழாங்கல்லும் ஜல்லியும் மணலும் அம்மா தன் கையால் நிரப்பினாள். முதல் மழை வந்ததும் அப்பா கிணற்றடிக்கு ஓட, அம்மா பைப்பின் மூடியைத் திறந்து அவ்வளவையும் வெளியே விட்டாள். "இது மாடியக் கழுவின அழுக்கு. அடுத்த மழை உள்ள போகட்டும்." அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஐப்பசி பிடித்துக்கொண்டது. பள்ளிக்குப் போகுமுன் தினமும் எட்டிப் பார்ப்பேன். என் ரப்பர் பந்து மிதந்து மிதந்து மேலே வந்துகொண்டிருந்தது. அப்பாவும் பார்ப்பார், என்னைவிட அதிக நேரம். அத்தை குன்றத்தூர் புறப்படுமுன் மஞ்சள் குங்குமம் வைத்துத் தண்ணீர் சேந்தினாள். கயிற்றின் மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார். லாரிக்காரரை அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த கோடையில் தெருவில் போர்கள் ஒவ்வொன்றாக வெறும் காற்றைத் துப்பின. தண்ணீர் லாரிக்குக் கலர் கலராகக் குடங்கள் வரிசை கட்டின. எங்கள் கிணறு இறங்கியது, ஆனால் வற்றவில்லை. முதலில் குடத்தோடு வந்தவர் அந்த ஆன்ட்டிதான். அம்மா கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். அப்பாதான், "பைப்பத் திருப்பினது நான்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். மறுமழைக்குள் தெருவில் பல வீட்டு மாடிப் பைப்புகள் மண்ணுக்குத் திரும்பின. அப்பா கடைசியில் வாங்கிய கார் உறை போட்டுக்கொண்டு தெருவில் நின்றது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எங்கம்மா அப்பாவை ஜெயித்த கதையைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

என் மகள் பிறந்து, அதே கிணற்றில் நான் தண்ணீர் சேந்திய அன்று அம்மாவிடம் கேட்டேன்: "நான் பொறந்தப்பவும் இதுலதானேம்மா சேந்தினே?"

அம்மா சிரித்தாள். "அப்பவே இது காஞ்சு கெடந்துது. மோட்டார் பெட்டிக்குத்தான் பொட்டு வெச்சேன். உன்னத் தூக்கிக்கிட்டு உங்கப்பா பக்கத்துலயே நின்னாரு."

வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்ட அந்த லாரி நாளின் விடியற்காலையிலும் அப்பா அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் மோட்டாரைப் போட்டிருப்பார்.