ஆம்பூர் பக்கம் கறுப்புப் பன்றி பார்க்கப் போனேன்

என் அப்பாவின் இதயத்தில் இருப்பது பன்றித் திசுவால் செய்த வால்வு. போன ஜூனில் அவரை மருத்துவச் சோதனைக்காக வேலூருக்கு அழைத்துப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் லாட்ஜில் ஓய்வெடுக்க, நான் நாட்டுக் கறுப்புப் பன்றிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். அவற்றை இன்னும் கலப்பில்லாமல் வளர்க்கும் வீடு ஒன்று ஆம்பூருக்கு அப்பால் இருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காலை 7.10க்கு பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். ஆம்பூரிலிருந்து பதினொரு கிலோமீட்டருக்கு ஆட்டோ 250 ரூபாய். "பிரியாணிக்கு வர்றவங்களதான் பார்த்திருக்கேன் சார். பன்னி பார்க்க வர்ற மொதல் ஆளு நீங்கதான்" என்றார் டிரைவர்.

அந்த வீட்டு மேரி அக்கா ஷூ கம்பெனியில் தைக்கிறவர். கணவர் அந்தோணியோடு பன்றியும் வளர்க்கிறார். வால்வு கதையைச் சொன்னதும் அந்தோணி, "நம்ம பன்னியா?" என்று கேட்டார். வெளிநாட்டுப் பண்ணைப் பன்றியாக இருக்கும் என்றேன். "அப்போ வெள்ளப் பன்னி!" அவருக்கு ஒரே ஏமாற்றம்.

"மழை வந்தா வெள்ளப் பன்னிங்களுக்கு மருந்து வாங்கியே பேஜாராய்டும். இதுங்களுக்கு ஊசியே போட்டதில்ல" என்றார் அக்கா.

சாப்பாடு அபாரம்! தோலோடு வெந்த கறி, மிளகும் பூண்டும் தூக்கலாக. ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை, அதன் கொழுப்பே போதுமாம். வெட்கமில்லாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் காயடிப்பவர் வந்தார். குட்டிகளில் ஆண் இரண்டு: ஒரு குண்டன், ஒரு நோஞ்சான். காயடித்தால் கறியில் வாடை வராது, உடம்பும் கொழுக்கும். அதனால் எல்லாரும் நல்ல குட்டியைக் காயடித்துவிட்டு, நோஞ்சானை இனவிருத்திக்குப் பொலியாக விடுகிறார்கள். அதன் குட்டிகள் சிறுத்துப் போக, வெள்ளைப் பன்றிக் கிடாயைச் சேர்க்கிறார்கள். கறுப்பு இனம் இப்படித்தான் அழிகிறது. இங்கேயும் பழைய கிடா செத்துவிட்டது. மிச்சம் இந்த இரண்டுதான்.

அந்தோணி குண்டனைப் பிடித்துக் கொடுத்தார். எனக்குப் பதறியது. "நோஞ்சான அடிங்க. குண்டன விடுங்க" என்றார் அக்கா.

"கிறிஸ்துமஸ் கறிக்கு அவனத்தான் கேட்டிருக்காங்க. நான் இன்னா பதில் சொல்றது?" என்றார் அந்தோணி.

அக்கா அவர் போனை வாங்கி, கறி கேட்ட ஆளை அங்கேயே கூப்பிட்டார். "அண்ணே, குண்டன் கறிக்கு இல்ல. அவன் அப்பனாகப் போறான்."

கத்தி நோஞ்சான் பக்கம் திரும்பியது. குண்டன் ஓடிப்போய்த் தாய் மடியில் முட்டினான். நான் கைதட்டியே விட்டேன்.

போகிறவர்கள் ஞாயிறு போங்கள், மற்ற நாளில் அக்கா கம்பெனியில் இருப்பார். கழுவக்கூடிய செருப்பு அவசியம். குண்டனை மட்டும் விலை பேசாதீர்கள். அவன் குட்டிகள் வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள். நான் ஒரு குட்டிக்குச் சொல்லிவிட்டேன். நான்காவது மாடி வீட்டில் அதை எங்கே வளர்ப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.