கத்தாத காட்சி

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் குரல் கொடுக்க வரும் அவர் எல்லோருக்கும் 'கத்தலக்கா'தான். நேரில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மைக் முன்னால் நின்று வீறிட்டாரென்றால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் நான் சட்டென்று ஒலியளவைக் குறைப்பேன்.

ஒரு பழைய பேய் நாவல். பாழடைந்த மாளிகை, சாகாத பிரபு, பூட்டிய அறையைத் திறக்கும் புது மனைவி. அது வானொலி நாடகமானது, படமானது, டிவி தொடரானது. கதவு திறந்ததும் அந்த மனைவி வீறிடுவாள். மூன்றிலும் அது அக்காவின் தொண்டை.

நான்காவதாக வெப் சீரிஸ் வந்தபோது அக்காவுக்குக் குரல் நாணில் புண். இன்னொரு முறை அப்படிக் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவும் மகளும் மட்டும்தான் வீட்டில். குடும்பமே அந்தக் குரலில் ஓடியது.

"முடியாதுன்னு சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"அப்புறம் என்னை யாருப்பா கூப்பிடுவாங்க?"

இயக்குநரோ ஒரே பிடியாக நின்றார். "அந்தக் கத்தல் இல்லாம இந்தக் கதையே இல்லக்கா."

"நாவல் படிச்சீங்களா தம்பி?"

"படம், தொடர், நாடகம் எல்லாத்தையும் பாத்துட்டேன், கேட்டுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தொழிலின் லட்சணம் இதுதான். அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் நாவலை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் மைக்கிடம் போவார். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அக்கா பையிலிருந்து நாவலை எடுத்து, கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டினார். அதில் கத்தலே இல்லை! வானொலியில் பயத்தைக் காட்ட வழி தெரியாமல் யாரோ போட்ட கத்தல் அது. அதைக் கேட்டுப் படம் எடுத்தார்கள், படத்தைப் பார்த்துத் தொடர் எடுத்தார்கள். நாவலில் அவள் இருட்டைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்.

"ஒரு டேக் குடுங்க தம்பி. பிடிக்கலேன்னா கத்திடறேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பதிவை ஓடவிட்டேன். அக்கா மைக்கை நெருங்கி வந்து, பக்கத்து வீட்டுக்குப் போனவர் போல, சாதாரணமாகக் கேட்டார்.

"நான் உள்ள வரலாமா?"

எத்தனையோ கத்தல்களைக் கேட்ட நான் அன்றைக்குத்தான் பயந்துபோய் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

இயக்குநர் அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு, "கத்த வேண்டாம்க்கா, இதுவே இருக்கட்டும்" என்றார்.

அக்கா வராந்தாவுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார். "குரல் இருக்குடி" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.