சந்திரலேகா அக்கா அழித்த தண்ணீர்

சந்திரலேகா அக்காவுக்கும் எனக்கும் ஒரே மேசை. காரைக்காலில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் இரண்டு பேருமே கௌரவ விரிவுரையாளர்கள். எனக்கு வாய் ஜாஸ்தி. கமர் நிஷா வகுப்பெடுத்தால் மாடிப்படி வரை கேட்கும் என்பார்கள். அக்கா பேசினால் முதல் பெஞ்சே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

சுரக்குடியில் பிறந்து விழிதியூரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் முருகானந்தம் மின்துறையில் இருக்கிறார். கொஞ்சம் நெல் நிலமும் உண்டு. மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம் அக்கா பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தார். அதன்பின் எட்டு வருடம், ஒரு பழைய மடிக்கணினியில் புரதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்தில் நசுங்கி வந்து இறங்கினாலும் முதல் வேலை கணினியைத் திறப்பதுதான்.

அவர் பார்த்தது இரண்டு புரதங்கள் சேரும் இடத்தை. உடம்பில் பெரும்பாலான புரதங்கள் இன்னொன்றோடு ஒட்டித்தான் வேலை செய்யும். அந்த ஒட்டும் முகம் அநேகமாகத் தட்டையாக இருக்கும். நடுவே தண்ணீரை ஒதுக்குகிற எண்ணெய்ப் பசையான பகுதி; சுற்று ஓரத்தில் தண்ணீரோடு ஒத்துப்போகிற பகுதி. இரண்டு முகமும் நெருங்கிப் பொருந்துகின்றனவா, நடுவில் இடைவெளி விழுகிறதா என்று அளந்து, நூற்று எண்பத்துநான்கு ஜோடிகளை அக்கா வகைபிரித்திருந்தார். இடைவெளி அதிகமாக இருந்த முப்பத்தொன்பதைத் தளர்ந்த பிணைப்பு என்று தனியே வைத்தார். ஆய்வேடு மொத்தமும் அந்தப் பிரிவின் மேல்தான் நின்றது.

போன தை மாதம் துறையில் ஒரு நிரந்தரப் பணியிடம் அறிவித்தார்கள். ஒன்றே ஒன்று. முனைவர் பட்டம் வேண்டும், அல்லது ஆய்வேடு சமர்ப்பித்த சான்றாவது வேண்டும். வயது வரம்பு நாற்பத்தைந்து. இதே மாதிரிப் புரத ஜோடிகளை அளந்து எனக்குப் பட்டம் நான்கு வருடம் முன்பே வந்துவிட்டது. அக்காவுக்கு நாற்பத்துநான்கு முடியப்போகிறது. இதை விட்டால் அவருக்கு இன்னொன்று கிடையாது. அனுபவத்தில் என்னைவிட ஆறு வருடம் மூத்தவர். ஆய்வேடு மட்டும் உள்ளே போய்விட்டால் வேலை அவருக்குத்தான் என்று துறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

சமர்ப்பிக்கப் பதினொரு நாள் இருந்தது. படம் ஒன்று செய்வதற்காக அக்கா ஒரு மூலக் கோப்பை எதையும் நீக்காமல் அப்படியே திறந்தார்.

"கமர், இங்க வந்து பாரேன்."

காலி என்று அளந்த இடத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். ஆக்சிஜனைக் கணினி சிவப்பாகத்தான் காட்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தண்ணீர் மூலக்கூறு. இந்தப் புரதத்தை ஒரு கையிலும் அந்தப் புரதத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றன.

"இது காலி இடமே இல்ல. தண்ணிதான் ரெண்டையும் சேத்துப் புடிச்சிருக்கு. நான் அத அழிச்சிட்டு, தளர்ந்து கெடக்குன்னு எழுதி வச்சிருக்கேன்."

எங்கள் வேலையில் கோப்பை இறக்கியதும் முதல் காரியம் தண்ணீரை நீக்குவது. கணக்கு சீக்கிரம் ஓடும். அரிசி களைகிற மாதிரி, யோசிக்காமல் செய்வோம். அதற்கான கட்டளை வரியை அக்காவுக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தான். தப்பு தெரிந்த அன்று அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

முப்பத்தொன்பதில் இருபத்தாறு ஜோடிகளில் தண்ணீர் இருந்தது. எங்கள் இருவருக்குமே வழிகாட்டி பேராசிரியர் அம்பலவாணன். அவர் தொலைபேசியில், "இப்ப இப்படியே போட்டுடுங்கம்மா, பின்னாடி கட்டுரையில திருத்திக்கலாம். யாரு பாக்கப் போறா?" என்றார். முருகானந்தம் அண்ணன் கல்லூரி வாசலுக்கே வந்து நின்றார். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா."

அக்காவும் என்னிடம்தான் கேட்டார். "நீ என்ன சொல்ற கமர்?"

யா அல்லாஹ், அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்! "தப்புன்னு தெரிஞ்சே எப்படிக்கா கையெழுத்துப் போடுவீங்க?" என்றேன். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டபோது அந்த ஒற்றைப் பணியிடம் என் மனசில் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

"நானும் அதான் நெனச்சேன்" என்று சொல்லி அக்கா கணினியை மூடினார். எல்லாவற்றையும் தண்ணீரோடு மறுபடி அளக்க ஐந்து மாதமாவது ஆகும். அக்காவின் ஆய்வுப் பதிவுக் காலம் பங்குனிக் கடைசியில் முடிந்துபோனது. நேர்காணலுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து நான் மட்டும் போனேன். வேலையும் எனக்கே கிடைத்தது.

நான் நிரந்தரமாகச் சேர்ந்த அன்று அக்கா தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். நிரந்தரத்துக்கு ஆள் வந்துவிட்டால் கௌரவ விரிவுரையாளர்களை நிறுத்திவிடுவார்கள். நான் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாக ஒரு மடித்த தாளை எடுத்து என் கையில் வைத்தார்.

"உன் ஆய்வேட்டுல இருந்த ஜோடியையும் போட்டுப் பாத்தேன். நூத்தி இருபதுல பதினேழுல தண்ணி நிக்கிது. எது எதுன்னு இதுல இருக்கு."

தாளின் மேல் தேதி எழுதியிருந்தது. நேர்காணலுக்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

"அப்பவே தெரியுமா? அப்பறம் ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"உன் தப்ப நான் போயி சொல்றதா? நல்லாருக்கே. நீ சொல்லுவ" என்றார். குத்திக் காட்டும் தொனி துளியும் இல்லை. நிஜமாகவே நான் சொல்லிவிடுவேன் என்று நம்புகிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை; கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

அக்கா இப்போது அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறார். புதிதாகப் பதிவு செய்து, நூற்று எண்பத்துநான்கையும் முதலிலிருந்து அளந்துகொண்டிருக்கிறார். வாரம் ஒருமுறை போன் பண்ணி என் பிள்ளைகளை விசாரிப்பார். அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பதினேழு ஜோடிகளையும் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு மாதமாகிறது. இன்னும் அனுப்பவில்லை.