நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவில்

மகளின் அரசு வேலைத் தேர்வு முடிவு இணையத்தில் வந்துவிட்டது. பதிவெண், பிறந்த தேதி, கட்டத்துக்குள் கோணலாக நெளியும் எழுத்துகள் எல்லாவற்றையும் முறைப்படி நிரப்பினேன். கல்வி அலுவலகத்தில் முப்பது வருடம் ஊரார் பிள்ளைகளின் முடிவுகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவள் நான். நடைமுறையெல்லாம் அத்துபடி. பொத்தானை அழுத்தத்தான் விரல் வரவில்லை.

எழுபதுகளில் முடிவு மாலைப் பத்திரிகையில் வரும். தேறியவர்களின் எண்கள் மட்டும் பொடியெழுத்தில் இருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருடம், அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து பத்திரிகையைத் தரையில் விரித்தார். பாவில் இழை எண்ணுகிற அதே விரலால் எண்களைத் தடவிக்கொண்டே போனார். என் எண் நாற்பத்துமூன்றில் முடியும்.

"நாப்பத்தொண்ணு இருக்குது. அப்புறம் நாப்பத்தாறு. நடுவுல அறுந்துபோயிருக்குதும்மா."

பெயிலானால் தாமல் ஊரிலிருக்கும் மாமனோடு கல்யாணம் என்று ஏற்கெனவே பேசியிருந்தார்கள். மாமனுக்கு முப்பத்தாறு வயது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, சேதி சொல்ல பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகே பத்திரிகையைத் தொடத் துணிந்தேன். இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. செருப்பில்லாமல் ஓடினேன். தாமல் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அறுந்தது இல்லப்பா! கோடு போட்டிருந்தா நடுவுல இருக்கறவங்க எல்லாரும் பாஸு!"

"படிச்சவங்க யார்னா சொன்னாங்களா?"

"நான்தாம்பா படிச்சவ!"

கண்டக்டர் விசில் ஊதினார். அப்பா என்னையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் குதித்தார்.

பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

"என்னம்மா, வந்துடுச்சா?" என்று மகள் உள்ளறையிலிருந்து கேட்கிறாள்.

"சர்வர் வேலை செய்யலம்மா" என்கிறேன்.