டெய்லரக்கா கோட்டைக் கழற்ற மறுத்த மாலை

அந்தத் துணிக்கடையில் அவளை எல்லோரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாங்கிய உடுப்பை ஆளுக்கேற்றபடி பிடித்தும் பிரித்தும் கொடுப்பது அவள் வேலை. கையும் ஓயாது, வாயும் ஓயாது. "தொப்பையை நீங்க குறைக்கிறீங்களா, இல்ல இடுப்பை நான் பெருசாக்கட்டுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். அப்படியும் ஆட்கள் அவளைத்தான் தேடி வருவார்கள்.

ஊசிகளை வேலைக்கோட்டின் காலருக்கடியில் குத்தி வைப்பது அவள் வழக்கம். அன்று ஒரு சட்டையை அவசரமாகச் சுருக்கும்போது, திருட்டைத் தடுக்க அதில் மாட்டியிருந்த அலாரத் துண்டைக் கழற்றி, அதையும் கை பழக்கத்தில் அங்கேயே குத்தி மாட்டிவிட்டது. அவளுக்கு நினைவே இல்லை. மாலையில் வீட்டுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டினாள். அலாரம் அலறியது.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். வாசல் காவலாளியையும் சேர்த்துக்கொண்டு அவளைக் கிடங்குக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். பையை அவளே கொட்டிக் காட்டினாள். டிபன் டப்பா, குடை, மூக்குக்கண்ணாடி. அவர் கதவைப் பூட்டினார்.

"கோட்டைக் கழட்டுங்க. உள்ளயும் பாக்கணும்."

"யாரு பாக்கறது? நீங்களா?"

"இந்தத் தம்பி பாப்பான்."

காவலாளி தரையைப் பார்த்தான். கழற்றி வீசினால் தீர்ந்தது. ஆனால் இன்றைக்குத் தன் கோட்டு என்றால், நாளைக்கு விற்பனைப் பெண்களில் எவளோ ஒருத்தியின் சட்டை. பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என் மேல கை வைக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? சந்தேகம்னா போலீசைக் கூப்பிடுங்க. பொம்பளை போலீஸ் வரட்டும். அதுவரைக்கும் பூட்டின ரூம்ல இருக்க மாட்டேன்."

"ரொம்பத்தான் சட்டம் பேசறீங்க!"

"பின்ன, வாயை வாடகைக்கா விட்டிருக்கேன்?"

காவலாளி தொண்டையைச் செருமினான். "சார், அக்கா சொல்றது சரிதான். சம்மதிக்காதவங்களை நாம தொடக்கூடாது. பயிற்சியிலயே சொல்லியிருக்காங்க."

"நீ யாருகிட்ட சம்பளம் வாங்கறே?"

"உங்ககிட்டதான் சார். கேசு வந்தா எம்பேர்லதானே வரும்?"

கதவு திறந்தது. அவள் நழுவிப் போய்விடவில்லை. தானே போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, போவோர் வருவோரெல்லாம் பார்க்க, கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பெண் போலீஸ் வந்ததும் கோட்டைத் தானே கழற்றிக் கொடுத்தாள். காலரைத் திருப்பினால், ஊசிகளுக்கு நடுவே அலாரத் துண்டு! சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஐயோ, பாழாப்போன கை!" என்று அவளும் சிரித்தாள்.

மேற்பார்வையாளருக்கும் மூச்சு வந்தது. "சரி, சரி. வீட்டுக்குக் கிளம்புங்கம்மா."

அவள் முகம் மாறியது. "துண்டை மாட்டினது என் தப்பு. என்னைப் பூட்டி வெச்சது யார் தப்பு?"

"சின்ன விஷயத்தை ஏன் பெருசாக்கறீங்க? நாளைக்கு இங்கதானே வேலைக்கு வரணும்?"

"வரத்தான் போறேன்" என்றவள் போலீஸ்காரப் பெண்ணிடம் திரும்பினாள். "எழுதிக்குங்கம்மா. கதவைப் பூட்டிட்டு, ஒரு ஆம்பளையை விட்டு என்னைச் சோதனை போடச் சொன்னாரு."

"பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

டெய்லரக்கா வாய் திறக்கும் முன்பே காவலாளி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.